மச்சான் ஏறிய மலை

அந்தத் தெருவில் அவரை எல்லோருமே மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள், இஸ்திரி போடுகிறவர் முதல் தண்ணீர் கேன் போடுகிறவர் வரை. ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளையாக இருப்பதே பெரும்பாடு, அவர் ஊருக்கே மாப்பிள்ளை. டைல்ஸ்காரரின் தங்கையைக் கட்டிக்கொண்டு, ஒரு சூட்கேஸும் ஒரு டேபிள் ஃபேனுமாக அந்த வீட்டு மாடியறைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஃபேன் இரண்டாம் வருஷமே நின்றுவிட்டது. மாப்பிள்ளை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்.

ஓட்டம் என்றால் சும்மா இல்லை. மெயின் ரோட்டில் மச்சானின் கடை மூன்று மாடி. கீழே தரைக்குப் போடும் டைல்ஸ், முதல் மாடியில் சுவருக்கு ஒட்டுவது, இரண்டாம் மாடியில் வாஷ்பேசினும் கழிப்பறைச் சாமான்களும். லிஃப்ட் இருக்கிறது, ஆனால் அது வாடிக்கையாளருக்கு. டைல்ஸ் பெட்டிகள் மாப்பிள்ளையின் தோளில் படியேறும். ஒரு பெட்டி இருபத்தெட்டு கிலோ. அளவெடுக்கப் போவது, வெட்டுவது, உடைந்ததைப் பொறுக்குவது, கண்காட்சிச் சுவரில் ஒட்டிக் காட்டுவது எல்லாம் அவரே. வெளியாள் முன்னால் "மாப்ள, வாங்க, உக்காருங்க" என்பார் டைல்ஸ்காரர். வெளியாள் படியிறங்கியதும் "ஏய், அந்தப் பெட்டிய எங்க வெச்ச?" என்பார். மரியாதை அந்தக் கடையில் சாம்பிள் பீஸ் மாதிரி, காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துவிடுவார்கள்.

இந்த மலை விவகாரம் தொடங்கியது இரண்டாம் மாடியில்தான். டைல்ஸ்காரரின் சேக்காளிகள் இரண்டு பேர்: ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் வக்கீல். மழைக்காலம் முடிந்த ஒரு மத்தியானம் மூவரும் விற்பனைக்கு வைத்திருந்த வெஸ்டர்ன் கழிப்பறைத் தொட்டிகளை மூடி அவற்றின் மேல் உட்கார்ந்து, குளிர்காலத்தில் எந்த மலைக்குப் போவது என்று தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இருப்பதிலேயே உசத்தியான தொட்டியின் மேல் டைல்ஸ்காரர். மாப்பிள்ளை வாஷ்பேசின்களைத் துடைத்தபடி நின்றிருந்தார்.

"ஏரி நல்லா இருக்குமாம்" என்றார் பல் டாக்டர். "மூணு நாள் நடை. உறைஞ்ச ஏரி மேலேயே நடக்கலாமாம். ஒம்பதாயிரம் அடிதான்."

"அது மார்பிள்காரன் போனது."

எதிர்ச்சாரியில் மார்பிள் கடை வைத்திருப்பவர் போன குளிர்காலத்தில் அந்த ஏரிக்குப் போய்வந்து, பனிக்கு நடுவில் தான் நிற்கிற படத்தைக் கடை வாசலில் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தார். அன்றிலிருந்து டைல்ஸ்காரருக்குச் சோறு இறங்கவில்லை என்று கேள்வி.

"அவன் நடந்துட்டா ஏரி அழுக்காயிடுச்சா?"

"அவன் மிதிச்ச ஐஸை நான் மிதிக்கணுமா? வேற சொல்லு."

"ஒரு கணவாய் இருக்கு" என்றார் வக்கீல். "ரெண்டு மலைக்கு நடுவுல போற வழி."

"நடுவுல போறதுக்கு அவ்ளோ தூரம் போகணுமா? உச்சி இருக்கா அதுல?"

"இல்ல."

"அப்ப விடு."

மாப்பிள்ளை துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார். "பன்னெண்டாயிரத்து ஐந்நூறு அடியில ஒரு சிகரம் இருக்கு மச்சான். குளிர்காலத்துலயும் ஏத்தி விடறாங்க. ஆறு நாள். ஆனா மேல மைனஸ் பதினஞ்சு. முதல் தடவை போறவங்க ஏரிக்கே போங்கன்னு எழுதியிருக்காங்க."

"யாரு எழுதியிருக்கா?"

"போயிட்டு வந்தவங்க."

"வந்துட்டாங்கல்ல? அப்புறம் என்ன."

அதோடு சிகரம் முடிவாயிற்று. ஒரே ஒரு சிக்கல். மலைக்கு அழைத்துப் போகும் கம்பெனிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால்தான் தனிக்குழுவாகக் கூட்டிப்போவார்கள். நாலாவதாக வருவதாக இருந்த பெயின்ட் கடைக்காரரை அவர் மனைவி விடவில்லை. டைல்ஸ்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணில் பட்டவர் மாப்பிள்ளை.

"மாப்ள வரட்டுமே" என்றார் பல் டாக்டர். "நாலுன்னு எண்ணறதுக்கு ஒரு தலை வேணும், அவ்ளோதானே."

அன்று சாயங்காலம் மாடியறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் மாப்பிள்ளை விஷயத்தைச் சொன்னார். அவள் மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்களா?"

"நானும்தான்."

"உச்சி வரைக்குமா?"

"உச்சி வரைக்கும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். அண்ணன் போட்ட சோற்றில் வளர்ந்தவள் அவள். அப்பா போன பிறகு பள்ளிக்கூடம், கல்லூரி, கல்யாணம் எல்லாம் அண்ணன். அந்த அறைச் சுவரில் இருந்த ஒரே படமும் அண்ணன் கடைத் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுவதுதான். ஒன்பது வருஷத்தில் அவள் கணவனிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்க வேண்டியதை அண்ணனிடம் கேட்டுப் பழகியவள்.

"சரி. மேல நின்னு நல்லதா ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க" என்றாள். "நம்ம ரூம்ல மாட்டலாம்."

முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டான் என்பார்கள். மாப்பிள்ளை முடவன் இல்லை, ஆசைப்பட்டது தேனும் இல்லை. ஒரு ஆணி, ஒரு சட்டம், அதற்குள் தன் முகம். அவ்வளவுதான். அதற்காக அவர் அந்த மூன்று மாதம் செய்த காரியங்களைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

முதலில் படிப்பு. குளிர்கால மலையைப் பற்றி எங்கே எது எழுதியிருந்தாலும் படித்து, டைல்ஸ் பெட்டி அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதி வைத்தார். பருத்தித் துணி கூடாது, வியர்வையைக் குடித்துக்கொண்டு ஆளைக் குளிரில் கொல்லும். ஒரே கனமான கோட்டைவிட மூன்று மெல்லிய சட்டை மேல். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்க வேண்டும், ஐஸ் மேலிருந்துதான் கட்டும். செல்போனை உறங்கும் பைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும், குளிரில் பேட்டரி செத்துவிடும். இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது டைல்ஸ்காரர், "மாப்ள, நாம போறது மலைக்கு, பரீட்சைக்கு இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மனைவி கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தாள்.

பிறகு பூட்ஸ். மலைச்சாமான் விற்கும் கடைக்கு மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனார் டைல்ஸ்காரர். கடையில் இருந்த பெண் விவரமானவள். விரல் முட்டாமல் ஒரு அளவு பெரிதாக எடுக்கச் சொன்னாள், தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்க்கச் சொன்னாள், பனியில் சறுக்காமல் பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள்சங்கிலியைக் காட்டினாள். கடைசியாக, "அம்பது அறுபது கிலோமீட்டராவது நடந்து பழக்கிட்டுத்தான் மலைக்குப் போகணும் சார்" என்றாள்.

"இவரு பழக்கிக் குடுப்பாரு" என்று டைல்ஸ்காரர் மாப்பிள்ளையைக் காட்டினார். "ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ்தான்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "போடறவங்கதான் சார் நடக்கணும். உள்ள இருக்கற தோல், யாரு நடக்கறாங்களோ அவங்க காலாவே மாறிடும்."

"புதுக் காரை டிரைவர் ஓட்டிப் பழக்கறதில்லையாம்மா?"

அவள் பில் புத்தகத்தை எடுத்தாள். விற்பனை ஆகட்டும் என்று விட்டுவிட்டாள். மாப்பிள்ளைக்கு வாடகை பூட்ஸ் ஒன்று எடுத்தார்கள், முன்னே போனவர் யாரோ வாயைப் பிளக்க வைத்து நூல் போட்டுத் தைத்தது.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை மெல்ல இழுத்தார். "அந்தப் பொண்ணு சொன்னதைக் கேட்டீங்கல்ல மச்சான்..."

"புதுச் செருப்பு கடிக்கும் மாப்ள. கடிக்கிறதெல்லாம் உன்னைக் கடிச்சு முடிச்சுட்டு அப்புறம் என்கிட்ட வரட்டும். இல்லாட்டி எதுக்கு நீ வீட்டோட இருக்க?"

தமாஷாகத்தான் சொன்னார். அவர் தமாஷ் எல்லாம் அப்படித்தான், கேட்கிறவருக்கு ராத்திரி படுக்கும்போதுதான் குத்தும்.

ஆக, மச்சானின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை கடைப்படிகளில் பெட்டி சுமந்தார். முதல் வாரம் குதிகால் இரண்டும் உரிந்தன. இரண்டாம் வாரம் சுண்டுவிரல் நகம் கறுத்தது. மூன்றாம் வாரம் பூட்ஸ் விட்டுக்கொடுக்க ஆரம்பித்தது. ஒரு மாதம் போனதும், அப்படி ஒரு பொருள் காலில் இருப்பதே தெரியாத அளவுக்கு அது அவருடைய காலாகிவிட்டது. உடம்பில் தனக்கென்று வாய்த்த ஒரே நல்ல சாமான் அது என்று தோன்றும். சாயங்காலமானால் துடைத்து மச்சான் அறை வாசலில் வைத்துவிட்டு வருவார்.

அடுத்தது ஓட்டம். ஐந்து கிலோமீட்டரை முப்பத்தைந்து நிமிஷத்துக்குள் ஓடிக் காட்டினால்தான் கம்பெனிக்காரர்கள் சேர்ப்பார்கள். ஓடின கணக்கைக் கைக்கடிகாரமே பதிந்து அனுப்பிவிடும். டைல்ஸ்காரர் ஒருநாள் விடிகாலையில் பார்க்கைச் சுற்றி ஓடிப் பார்த்தார். ஒரு சுற்றில் அவர் நின்றார், கடிகாரம் மட்டும் ஓடியது. மறுநாள் கடிகாரத்தைக் கழற்றி மாப்பிள்ளையின் மணிக்கட்டில் மாட்டினார்.

"ஓடறது கடிகாரம்தானே. எந்தக் கையில இருந்தா என்ன."

மாப்பிள்ளை முப்பத்தொரு நிமிஷத்தில் ஓடினார். பிறகு அந்தக் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தன் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தன் பேருக்காக இன்னொரு ஐந்து கிலோமீட்டர் ஓடினார். இரண்டாவதுக்கு முப்பத்து நாலு நிமிஷம் ஆயிற்று.

காலைப் பலகாரத்தின்போது மனைவி இரண்டு கணக்கையும் பார்த்தாள்.

"அண்ணனுக்கு உங்களைவிடப் பத்து வயசு கூட" என்றாள். "முப்பத்தொண்ணு. நீங்க என்னடான்னா முப்பத்து நாலு."

மாப்பிள்ளை மச்சானைப் பார்த்தார். மச்சான் தட்டைப் பார்த்தார்.

"போகட்டும் விடும்மா" என்றார் டைல்ஸ்காரர் பெரிய மனசோடு. "போகப்போக வந்துடும்."

உடல்தகுதிச் சான்றிதழ் மட்டும் சுலபமாகக் கிடைத்தது. பல் டாக்டரும் டாக்டர்தானே. டைல்ஸ்காரரை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கடித்துப் பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தார்.

போனார்கள். ரயில், பிறகு ஜீப், பிறகு கால். மலையடிவாரக் கிராமத்திலிருந்து முதல் நாள் பைன் மரங்களுக்கு நடுவில் ஏற்றம். புது ஜாக்கெட்டில் டைல்ஸ்காரர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி முன்னால் போனார். ஆரஞ்சு நிறம், இரண்டு மைலுக்கு அப்பாலும் தெரியும். நிஜ மாப்பிள்ளை வாடகை பூட்ஸில், முதுகில் தன் மூட்டையும் மார்பில் மச்சானின் மூட்டையுமாகப் பின்னால் போனார். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, டைல்ஸ்காரர் நடையில் ஒரு நொண்டல் விழுந்தது.

பூட்ஸ் அவரைத் தெரியாது என்றுவிட்டது. மாப்பிள்ளையின் கால் எங்கெல்லாம் புடைத்திருந்ததோ அங்கெல்லாம் அது குழிந்திருந்தது. அவர் கால் எங்கெல்லாம் ஒடுங்கியதோ அங்கெல்லாம் கெட்டிப்பட்டிருந்தது. டைல்ஸ்காரரின் கால் இரண்டுக்கும் நேர் எதிர். அன்று கூடாரத்தில் சாக்ஸைக் கழற்றும்போது தோலும் சேர்ந்து வந்தது. இரண்டாம் நாள் பத்தாயிரத்து ஐந்நூறு அடியில் பனிக்கு நடுவே இருந்த மேல் முகாமுக்கு அவரைக் கைத்தாங்கலாகத்தான் கொண்டுவந்தார்கள். மூச்சு வேறு தனியாக ஒரு பக்கம் வாங்கியது. இதயம் நன்றாக இருக்கிறது என்று எழுதியவர் தலையைத் திருப்பிக்கொண்டு மலையை ரசித்தார்.

வழிகாட்டி குனிந்து காலைப் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். "இவர் மேல வர முடியாது. சமையல்காரரோட இங்கேயே இருக்கட்டும். மத்த மூணு பேரும் நாளைக்கு விடியறப்போ கிளம்பலாம்."

மூன்று பேர். அதில் தானும் ஒருவர் என்பது மாப்பிள்ளைக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. மச்சான் கீழே, தான் மேலே. கல்யாணத்தன்று தாலி கட்டியபோதுகூட அவருக்கு நெஞ்சு அப்படி அடித்துக்கொள்ளவில்லை.

கூடாரத்துக்குள் டைல்ஸ்காரர் காலைத் தூக்கி மூட்டைமேல் வைத்துக்கொண்டு கிடந்தார். மாப்பிள்ளை மருந்து தடவிக்கொண்டிருந்தார். பல் டாக்டரும் வக்கீலும் சூப்பு குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ போறியா?" என்றார் டைல்ஸ்காரர்.

"போகட்டுங்களா மச்சான்?"

"நான் போகாத இடத்துக்கு நீ போயிட்டு வந்து, வீட்ல என்னன்னு சொல்லுவ?"

மாப்பிள்ளை அடுத்த குதிகாலுக்கு மருந்து எடுத்தார்.

"கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்திருக்கேன். மார்பிள்காரன்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். திரும்பிப் போய், எனக்குக் கால்ல கொப்புளம், என் வீட்டு மாப்பிள்ளை ஏறிட்டான்னு சொல்லணுமா?" குரலை உயர்த்தவில்லை. அவர் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. "இந்தா பாரு. நீயா இருந்தா கீழ இரு. நானா இருந்தா மேல போ."

"புரியல மச்சான்."

"என் ஜாக்கெட்டைப் போட்டுக்கோ. என் பூட்ஸ், என் கடிகாரம், என் கறுப்புக் கண்ணாடி. முகத்துணியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டா யாருன்னு தெரியாது. மேல போய் நில்லு, படம் எடுத்துக்கோ, வா. ஏறினது நான். கொப்புளம் உனக்கு."

வக்கீல் சூப்பைக் கீழே வைத்தார். "வழிகாட்டி ஒத்துக்கணுமே."

வழிகாட்டியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் நாலு பேரையும் வரிசையாகப் பார்த்தார். "எனக்கு மூணு பேர் மேல, ஒருத்தர் கீழ. அது யார் யாருங்கறது உங்க குடும்ப விஷயம்" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

கீழே இருந்தால் தான் தானாக இருக்கலாம், ஆனால் மலை கிடையாது. மேலே போனால் மலை உண்டு, தான் கிடையாது. மாப்பிள்ளை அன்றைக்குப் படுக்கும்வரை இதையே போட்டு உருட்டினார். கடைசியில் ஒரு கள்ள யோசனை தோன்றியது. உச்சியில் கண்ணாடியையும் முகத்துணியையும் ஒரு நிமிஷம் இறக்கிவிட்டுத் தன் செல்போனில் ஒரே ஒரு படம். யாருக்கும் வேண்டாம், மாடியறைக்கு மட்டும். அந்த நினைப்பிலேயே செல்போனை உடம்போடு அணைத்துக்கொண்டு தூங்கினார்.

காலையில் பூட்ஸைப் போட்டதும் அது வளர்த்த நாய் மாதிரி காலைச் சுற்றிக்கொண்டது. கிளம்பும்போது டைல்ஸ்காரர் கை நீட்டினார்.

"என் போன் குளிர்ல செத்துப் போச்சு. உன்னோடதைக் குடுத்துட்டுப் போ. நாள் பூரா இங்க ஒத்தையில கிடக்கணும், பாட்டாவது கேக்கறேன்."

கொடுத்தார். இல்லையென்று சொல்ல நாக்கு பழகியிருக்கவில்லை.

ஏறிய கதையைச் சொல்ல வேண்டுமானால், அவர் ஏறியது மாதிரி அந்தக் குளிர்காலத்தில் யாரும் ஏறவில்லை. ஒன்பது வருஷம் இருபத்தெட்டு கிலோவைத் தோளில் வைத்துப் படியேறியவருக்கு வெறும் தோளோடு ஏறுவது லேசாக இருந்தது. வக்கீல் பத்தடிக்கு ஒருமுறை நின்றார். பல் டாக்டர் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். மாப்பிள்ளை முன்னால் போய்ப் பனியை மிதித்து அவர்களுக்குப் படி வெட்டிக்கொடுத்துக்கொண்டே போனார். வழிகாட்டி ஒரு இடத்தில் நின்று, "நீங்க எத்தனை மலை ஏறியிருக்கீங்க?" என்று கேட்டார். "டைல்ஸ் கடையிலதான்" என்றார் மாப்பிள்ளை.

உச்சியில் காற்று நின்றிருந்தது. சுற்றிலும் வெள்ளை, சத்தம் என்று ஒன்று உலகத்தில் இருந்ததே இல்லை என்பது போலிருந்தது. கொஞ்ச நேரம் போனதும் காதுக்குள் தன் ரத்தமே ஓடுவது கேட்டது. நான் உசிரோட இருக்கேன்னு எனக்கே யாரோ சொன்ன மாதிரி இருந்துச்சு என்று மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அப்போதே வார்த்தைகளை அடுக்கியும் வைத்துக்கொண்டார்.

பல் டாக்டர் போனை எடுத்தார். மாப்பிள்ளை நின்றார். ஐந்தாறு படம் எடுத்தாயிற்று.

"டாக்டர், முகம் தெரியற மாதிரி ஒண்ணே ஒண்ணு. எனக்காக."

"கண்ணாடியைக் கழட்டினா பனி வெளிச்சத்துல கண்ணு போயிடும்."

"கண்ணாடி இருக்கட்டும். வாயை மட்டும் திறந்து விடறேன். சிரிச்சுக்கறேன்."

பல் டாக்டர் போனைத் தாழ்த்தினார். நியாயமான மனுஷர், காரணத்தை மறைக்கவில்லை. "உங்க மச்சானுக்கு முன்பல்லு ரெண்டும் நான் கட்டினது மாப்ள. பளிச்சுனு இருக்கும். நீங்க சிரிச்சா பல்லே காட்டிக் குடுத்துடும். இழுத்து மூடிக்கோங்க."

மூடிக்கொண்டார்.

முகாமுக்கு இறங்கியதும் டைல்ஸ்காரர் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அவ்வளவு அன்பாக அவர் மாப்பிள்ளையிடம் பேசியதே இல்லை. "சொல்லு. மேல எப்படி இருந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லு." காலையிலிருந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்த மனிதர். கேட்டதும் மடை திறந்துவிட்டது. வெள்ளையைச் சொன்னார், காற்றைச் சொன்னார், காதுக்குள் ரத்தம் ஓடியதைக்கூடச் சொல்லிவிட்டார். டைல்ஸ்காரர் கண்ணை மூடி, திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டார். பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரி.

வீடு வந்த அன்று சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லோரும். டைல்ஸ்காரர் கொஞ்சம் நொண்டினார். மலையேறியவர் நொண்டாமல் என்ன செய்வார். மாப்பிள்ளை முகாமிலேயே தங்கும்படி ஆகிவிட்டது, பாவம், வாடகை பூட்ஸ் கடித்துவிட்டது என்றார். பிறகு மேலே போன கதை.

"சத்தமே கிடையாதும்மா. கொஞ்ச நேரம் நின்னா காதுக்குள்ள நம்ம ரத்தம் ஓடறது கேக்குது. நான் உசிரோட இருக்கேன்னு எனக்கே யாரோ சொன்ன மாதிரி இருந்துச்சு."

தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவனுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். "உங்களுக்குக் குடுத்து வெக்கல" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

இதோடு விட்டிருந்தாலும் போனால் போகிறது எனலாம். மார்பிள்காரர் வாசலில் மாட்டியது வெறும் ஃபிளெக்ஸ், ஒரு மழைக்கு வெளுத்துவிடும். டைல்ஸ்காரருக்கு டைல்ஸ் இருக்க என்ன குறை? உச்சிப் படத்தை இருபத்து நாலு டைல்ஸில் அச்சடிக்கக் கொடுத்தார், நாலு வரிசை, வரிசைக்கு ஆறு. சூளையில் சுட்டது, நூறு வருஷத்துக்கு அழியாது. கடைக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவர் முழுக்க அதுதான் இருக்க வேண்டும். ஒட்டுகிற வேலை யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு நாள் வேலை. மாப்பிள்ளை ஏணியில் நின்று, சுவரில் பசை இழுத்து, ஒவ்வொரு டைலின் முதுகிலும் எண் பார்த்து, இடுக்கு ஒரே அளவாக இருக்க மூலைக்கு மூலை பிளாஸ்டிக் சிலுவை வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி ஒட்டினார். தட்டும்போது பொள்ளென்று கேட்டால் உள்ளே பசை சேரவில்லை என்று அர்த்தம். பெயர்த்துத் திரும்ப ஒட்ட வேண்டும். கடைசியில் டைலுக்கு டைல் இருக்கும் இடுக்கை வெள்ளைப் பூச்சால் அடைக்க வேண்டும். தன் காலைத் தானே ஒட்டினார். தன் மார்பை ஒட்டினார். கறுப்புக் கண்ணாடியும் முகத்துணியுமாக வந்த டைலை ஒட்டும்போது மட்டும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கையால் அமுக்கினார்.

இரண்டாம் நாள் மத்தியானம் கடையில் கூட்டமில்லை. மத்தியான வேளையில் கடையின் விசாரணை மேசையைப் பார்த்துக்கொள்ளும் மனைவி எழுந்து வந்து ஏணிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இது நீங்கதானே" என்றாள்.

மாப்பிள்ளை ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எப்போ தெரியும்?"

"போட்டோவைப் பார்த்த அன்னிக்கே. கழுத்தை ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டு, யாரோ திட்டப் போறாங்கங்கற மாதிரி நிக்கறீங்க. அண்ணன் எங்க நின்னாலும் கழுத்தைச் சாய்ச்சு நிக்கிற ஆளா?"

ஒன்பது வருஷத்தில் தன் கழுத்து எந்தப் பக்கம் சாயும் என்று ஒருத்தி பார்த்து வைத்திருக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கண்ணில் நீர் முட்டியது. பசை வாசனை என்று வைத்துக்கொள்ளலாம்.

"முப்பத்தொரு நிமிஷமும் நான்தான்" என்றார். "அந்த ரத்தம் ஓடற சத்தம்... அதுவும் உன்கிட்ட சொல்லணும்னு நான்..."

"தெரியும். அண்ணனுக்கு அந்த மாதிரியெல்லாம் பேச வராது."

"அப்போ நம்ம ரூம்ல..."

"ரூம்ல அண்ணன் படம்தான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இந்தாங்க, இதை நீங்க யார்கிட்டயும் உளறி வெக்காதீங்க. மார்பிள்காரன் காதுக்குப் போச்சுன்னா அண்ணன் கடையைத் திறக்க முடியாது. அந்தக் கழுத்துப் பக்கத்து இடுக்குல வெள்ளைப் பூச்சைக் கொஞ்சம் அகலமா இழுத்து விடுங்க. சாய்ஞ்சிருக்கறது தெரியக்கூடாது."

கண்ணாடிக் கதவு திறந்தது. வயசான தம்பதி ஒன்று, வீடு கட்டுகிறவர்கள் போலிருக்கிறது, உள்ளே வந்த வேகத்தில் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

"யாரும்மா இது?" என்றார் அந்த மனிதர்.

"எங்க அண்ணன் சார். பன்னெண்டாயிரத்து ஐந்நூறு அடி. மைனஸ் பதினஞ்சு டிகிரி." அவள் குரலில் பெருமை வழிந்தது, பொய் சொல்கிற குரலே இல்லை. "ஏணியில நிக்கற எங்க வீட்டுக்காரரும் கூடப் போனாரு. பாதியில நின்னுட்டாரு."

கிழவர் ஏணியை அண்ணாந்து பார்த்தார். "ஏன் தம்பி? அவ்ளோ தூரம் போயிட்டு மேல ஏறலையா?"

மனைவி கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை ஏணியின் கடைசிப் படியில், ஒற்றைக் காலில் நின்று, எட்டி, கழுத்தின் ஓரமாக வெள்ளைப் பூச்சை இழுத்தார்.

"எனக்கு உசரம்னா தலை சுத்தும்ங்க" என்றார்.